யூதர்கள் இயேசுவை எப்படிப் பார்க்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பெரம்பூர்வாசி:

எங்கள் சபையில் வாலிபர் வேதபாடம் நடத்துகிறேன். மத்தேயு முதல் அதிகாரத்தில் ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான் என்று வம்ச வரலாறு நீளமாகப் போகுமே, அதைப் படித்து முடித்ததும் ஒரு கல்லூரிப் பையன் கேட்டான்: "அக்கா, இயேசு யூதர், மரியாள் யூதர், பேதுரு, பவுல் எல்லாரும் யூதர். நம் பைபிளில் பெரிய பாகம் அவர்களுடைய வேதம்தான். அப்புறம் ஏன் அவர்கள் மட்டும் இயேசுவை ஏற்றுக்கொள்ளவில்லை?"

வழக்கமாகப் பிரசங்கத்தில் சொல்கிற பதில் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் இருதயம் கடினப்பட்டது, கண்கள் மூடப்பட்டிருக்கின்றன என்பார்கள். அதை அப்படியே ஒப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஜனத்தின் நம்பிக்கையைப் பற்றி அவர்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் நாமே தீர்ப்புச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சென்னையில் போய்க் கேட்கலாம் என்றால் எனக்குத் தெரிந்து ஒரு யூதக் குடும்பம்கூட இல்லை.

அவர்களுக்கு இயேசு தீர்க்கதரிசியா, ஒரு போதகரா, ஏமாற்றுக்காரரா? அவர்மேல் வெறுப்பு உண்டா? ஏசாயா 53ஐ அவர்கள் பைபிளிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது உண்மையா? நம் விசுவாசத்தை நிரூபிக்கிற வாதங்கள் இப்போது வேண்டாம். அது என்னிடமே இருக்கிறது. யூதர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

லாயிட்ஸ்ரோடு:

சிஸ்டர், இந்தக் கேள்வியை இப்படிக் கேட்டதற்கே நன்றி. நானும் சிஎஸ்ஐ சபைக்காரன்தான், இதைப் பற்றி நிறைய வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான யூதர்களுக்கு இயேசு ஒரு கேள்வியாகவே இருப்பதில்லை. நமக்கு அவர்தான் எல்லாம். அவர்களுடைய ஜெபத்திலோ பண்டிகையிலோ ஓய்வுநாள் ஆசரிப்பிலோ அவருக்கென்று ஒரு இடம் இல்லை. மயிலாப்பூரில் ஒரு சைவரைப் பிடித்து "நீங்கள் ஏன் முகமது நபியை மறுத்தீர்கள்?" என்று கேட்டால் அவர் திகைத்துப்போவார் இல்லையா, "நான் எங்கே மறுத்தேன், நான் சிவனைக் கும்பிடுகிறேன்" என்பார். யூதருக்கும் நம் கேள்வி கிட்டத்தட்ட அப்படித்தான் கேட்கும். வித்தியாசம் என்னவென்றால், கிறிஸ்தவ ராஜாக்களின் ஆட்சியில் வாழ்ந்த யூதர்கள் இதற்குக் கட்டாயமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் அவர்களிடம் தெளிவான பதில்கள் எழுத்தில் இருக்கின்றன.

முதலில் மேசியா விஷயம். அவர்கள் எதிர்பார்க்கிற மேசியா தாவீதின் வம்சத்தில் வருகிற ஒரு மனிதர், ஒரு ராஜா. தீர்க்கதரிசிகள் சொன்ன வேலைகளை அவர் முடித்திருக்க வேண்டும்: சிதறிப்போன இஸ்ரவேலர் தேசத்துக்குத் திரும்புவது, ஆலயம் கட்டப்படுவது, ஜாதிக்கு விரோதமாய் ஜாதி பட்டயம் எடுக்காத காலம் வருவது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ் (ராம்பாம் என்பார்கள், ஸ்பெயினில் கொர்தோபாவில் பிறந்து எகிப்தில் இறந்தவர்) இதைச் சட்டமாகவே எழுதிவைத்தார். தாவீது வீட்டிலிருந்து ஒருவர் எழும்பி, நியாயப்பிரமாணத்தின்படி ஜனங்களை நடத்தி, கர்த்தருடைய யுத்தங்களைச் செய்தால் அவரை மேசியா என்று கருதலாம். ஆலயத்தைக் கட்டி, சிதறியவர்களைச் சேர்த்துவிட்டால் அவர் மேசியாதான் என்பது உறுதி. அதற்கு முன்பே கொல்லப்பட்டால் அவர் வாக்குப்பண்ணப்பட்டவர் இல்லை. இந்த அளவுகோல் இயேசுவுக்கு மட்டும் வைத்ததில்லை. கி.பி. 132இல் ரோமுக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்திய பார் கோக்பாவை ரபி அகிவா என்ற மிகப் பெரிய ஆசிரியரே மேசியா என்று நம்பினார். 135இல் பார் கோக்பா கொல்லப்பட்டதும் அந்த நம்பிக்கை முடிந்துபோனது. அகிவாவை இன்றுவரை யூதர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

மீதி வேலையெல்லாம் இரண்டாம் வருகையில் நடக்கும் என்று நாம் சொல்கிறோம். மேசியா இரண்டு தவணையாக வருவார் என்று எந்தத் தீர்க்கதரிசி சொன்னார் என்று அவர்கள் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி என்றுதான் நான் நினைக்கிறேன். நம்மிடம் விசுவாசத்தில் பதில் இருக்கிறது, அவர்கள் வேதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு அந்தப் பதில் போதாது.

ஆனால் உண்மையான பிளவு மேசியாவில் இல்லை, தேவத்துவத்தில் இருக்கிறது. 1263இல் பார்சிலோனாவில், அரகோன் ராஜா முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில், ஜிரோனாவைச் சேர்ந்த ரபி நாக்மானிடிஸை வாதத்துக்கு நிறுத்தினார்கள். எதிரே இருந்தவர் யூதராகப் பிறந்து கிறிஸ்தவராகி, டொமினிக்கன் துறவியான பாப்லோ கிறிஸ்தியானி. இயேசுவின் நாள் முதல் இன்றுவரை உலகம் கொலையும் கொள்ளையுமாகத்தானே இருக்கிறது, ஏசாயா சொன்ன சமாதானம் எங்கே என்று நாக்மானிடிஸ் கேட்டார். அதைவிட முக்கியமாக, எங்கள் மார்க்கமே மேசியாவின்மேல் நிற்கவில்லை, வானத்தையும் பூமியையும் படைத்தவர் ஒரு யூதப் பெண்ணின் கர்ப்பத்தில் உருவாகிப் பிறந்து, வளர்ந்து, கொல்லப்பட்டார் என்பதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை என்றார். ராஜா அவரை மரியாதையாக நடத்திப் பணமும் கொடுத்து அனுப்பினார். ஆனாலும் பிற்பாடு அவர் ஸ்பெயினை விட்டே போகவேண்டி வந்தது, 1267இல் எருசலேம் போய்ச் சேர்ந்தார்.

"இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." உபாகமம் 6:4. இதை யூதர்கள் காலையும் மாலையும் சொல்கிறார்கள், சாகும்போதும் அதைச் சொல்லிச் சாக விரும்புகிறார்கள். மாற்கு 12இல் பிரதான கற்பனை எது என்று கேட்டபோது இயேசு சொன்னதும் இதே வசனம்தான். அதைக் காப்பாற்றுவதற்காக ஒருவர் திரித்துவத்தை மறுக்கிறார் என்றால் அதை இருதயக் கடினம் என்று சொல்ல என்னால் முடியாது.

அப்புறம் பாவம். ஆதாம் வழியாக எல்லாரும் பாவிகளாகவே பிறக்கிறோம், அதைத் தீர்க்க ஒரு ரத்தபலி வேண்டும் என்பது அவர்கள் போதனையில் கிடையாது. எசேக்கியேல் 18ஐ எடுத்துக் காட்டுவார்கள்: "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை." பாவம் செய்தவன் மனந்திரும்பி, கெடுத்ததைச் சரிசெய்து, தேவனிடம் திரும்பினால் போதும். ரத்தம் இல்லாமல் மன்னிப்பா என்று கேட்டால், லேவியராகமம் 5இல் புறாக்குஞ்சுகூட வாங்க முடியாத ஏழை பாவநிவாரணத்துக்கு மாவைக் கொண்டுவரலாம் என்று இருப்பதைக் காட்டுவார்கள். பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூர் அன்று பிற்பகலில் யோனாவின் புத்தகத்தை முழுக்க வாசிக்கிறார்கள். நினிவே மன்னிக்கப்பட்டது எப்படி என்று பாருங்கள், அங்கே பலி எதுவும் இல்லை.

வெறுப்பு உண்டா என்று கேட்டீர்கள். மறைக்காமல் சொல்கிறேன். பஸ்காவுக்கு முந்தின நாள் தூக்கிலிடப்பட்ட ஒருவரைப் பற்றி, ரபிகளின் போதனைகளைத் தொகுத்த நூலான தல்மூதில் கடுமையான வரிகள் இருக்கின்றன. அவை இயேசுவைப் பற்றியவைதானா, எந்தக் காலத்து வரிகள் என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை உண்டு. இடைக்காலத்தில் அவரை இழிவாகப் பேசுகிற ஒரு கதையும் யூதர்களிடையே புழங்கியது. நம் ஆட்களின் கையில் அடி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ரகசியமாகச் சொல்லிக்கொண்ட கதை அது. அதே சமயம் மைமோனிடிஸ், இயேசுவை மறுத்த அதே இடத்தில், கிறிஸ்தவமும் இஸ்லாமும் உலகத்தை மேசியாவுக்கு ஆயத்தப்படுத்துகின்றன என்று எழுதினார். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த ரபி யாக்கோப் எம்டன் இன்னும் மேலே போய், இயேசு உலகத்துக்கு இரட்டை நன்மை செய்தார் என்றார்: யூதர்களுக்கு மோசேயின் பிரமாணத்தை உறுதிப்படுத்தினார், மற்ற ஜனங்களை விக்கிரகங்களிலிருந்து விலக்கினார் என்று. கடுமையான வைதிக ரபி அவர்.

20ஆம் நூற்றாண்டில் நிலைமை நன்றாகவே மாறியது. ஜோசப் கிளவுஸ்னர் 1922இல் எருசலேமில் இருந்துகொண்டு எபிரெயத்திலேயே இயேசுவின் வரலாற்றை எழுதினார். ரபி லியோ பேக் 1938இல், அதுவும் பெர்லினில், சுவிசேஷம் யூத விசுவாச வரலாற்றின் ஒரு ஆவணம் என்று எழுதினார். பிறகு அவரை நாஜிகள் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள், உயிரோடு திரும்பி வந்தார். இவர்களுக்கு இயேசு கலிலேயாவின் ஒரு யூத ஆசிரியர், அங்கேயே வளர்ந்தவர், அந்த மண்ணின் மொழியில் ஜெபித்தவர். கடவுளாகவோ மேசியாவாகவோ அவர்கள் ஏற்கவில்லை. ஆனாலும் மலைப்பிரசங்கத்தைப் படித்தால் தங்கள் வீட்டுக் குரல் கேட்கிறது என்கிறார்கள்.

சாந்தோம் பங்கு:

மேலே எழுதியவர் நன்றாக எழுதியிருக்கிறார். நான் கத்தோலிக்கன், ஒரு விஷயத்தைச் சேர்த்தே ஆகவேண்டும். யூதர்கள் இயேசுவை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை, நாம் அவர்களை எப்படி நடத்தினோம் என்பதிலிருந்து பிரிக்கவே முடியாது.

"இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக." மத்தேயுவின் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எத்தனை நூற்றாண்டு அந்த ஜனத்தை அடித்தார்கள். 1096இல் முதல் சிலுவைப்போருக்குப் புறப்பட்ட கும்பல்கள் எருசலேமுக்குப் போகும் முன்பே வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதர்களைக் கொன்று குவித்தன. 1242இல் பாரிஸில் வண்டி வண்டியாகத் தல்மூத் சுவடிகளை எரித்தார்கள். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தினார்கள். 1543இல் சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூத்தர் யூதர்களுக்கு எதிராக எழுதியதை இன்று யாராலும் வாய்விட்டுப் படிக்க முடியாது. இத்தனையும் இயேசுவின் பெயரால் நடந்தது. சிலுவையைப் பார்த்தால் நமக்கு மீட்பு தெரிகிறது. அவர்களில் பலருக்குச் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் தெரிகிறான்.

சிலுவையில் அறைவது ரோமாபுரியின் தண்டனை, தீர்ப்புச் சொன்னவன் பிலாத்து. இயேசுவுக்காக அழுதவர்களும் யூதர்கள்தான். எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று தெளிவாகவே சொல்லிவிட்டது: அந்தச் சாவின் பழியை அன்று வாழ்ந்த எல்லா யூதர்கள்மேலும் சுமத்தக் கூடாது, இன்றைய யூதர்கள்மேலும் சுமத்தக் கூடாது. 1986இல் போப் இரண்டாம் ஜான் பால் ரோம் நகர ஜெப ஆலயத்துக்கே போய் அவர்களை மூத்த சகோதரர்கள் என்று அழைத்தார். ஆனால் நம் ஊர்களில் தவக்காலத்துப் பிரசங்கங்களிலும் பாஸ்கு நாடகங்களிலும் "யூதர்கள் கொன்றார்கள்" என்ற வசனம் இன்னும் சர்வசாதாரணமாக வருகிறது. "பரிசேயன்" என்றாலே திட்டுகிற வார்த்தை ஆகிவிட்டது. இன்றைய யூத மார்க்கம் அந்தப் பரிசேயர்களின் வழியில் வந்ததுதான். யூதரே இல்லாத ஊரில் யூதர்மேல் கோபத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், எனக்கு இது உண்மையாகவே வலிக்கிறது.

சென்னைக்கும் அவர்களுக்கும் பழைய உறவு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பவளம் கொண்டுவந்து கோல்கொண்டா வைரம் வாங்கிப்போன போர்த்துகீசிய யூத வணிகர்கள் கோட்டையை ஒட்டிய நகரத்தில் வாழ்ந்தார்கள், பவழக்காரத் தெரு இன்னும் இருக்கிறது. 1688இல் தொடங்கிய மெட்ராஸ் கார்ப்பரேஷனின் ஆல்டர்மேன்களில் (நகரமன்ற உறுப்பினர்களில்) யூதர்களும் இருந்தார்கள். லாயிட்ஸ் ரோட்டில் அவர்களுடைய சின்னக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏன், நம் பேராலயம் யார் பெயரில் இருக்கிறது? புனித தோமையார் யூதர்தானே. பையன்களிடம் அதையும் சொல்லுங்கள் அக்கா.

ஆவடி ஊழியன்:

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். எல்லாம் வாசித்தேன். யூத ஜனத்தை நேசிக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை, நான் தினமும் அவர்களுக்காக ஜெபிக்கிறேன். ஆனால் ஏசாயா 53ஐத் திறந்த மனதோடு வாசிக்கிற எவரும் இயேசுவைக் காணாமல் போக முடியாது. "நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு" என்பது வேறு யாருக்குப் பொருந்தும்? இயேசுவை ஏற்றுக்கொண்ட மேசியானிக் யூதர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றி ஏன் யாரும் எழுதவில்லை? அவர்கள் மனம் புண்படும் என்பதற்காகச் சுவிசேஷத்தைச் சுருக்கிவிடக் கூடாது என்பது என் தாழ்மையான கருத்து.

லாயிட்ஸ்ரோடு:

பிரதர், சுவிசேஷத்தைச் சுருக்கச் சொல்லவில்லை. சிஸ்டர் கேட்டது அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை.

ஏசாயா 53 எல்லா யூத வேதாகமத்திலும் இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. 1947இல் சாக்கடலை ஒட்டிய கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருளிலும் இருக்கிறது. ஜெப ஆலயத்தில் ஓய்வுநாளுக்கு ஓய்வுநாள் தீர்க்கதரிசிகளிலிருந்து ஒரு பகுதி வாசிப்பார்கள், அந்த வரிசையில் 52ஆம் அதிகாரத்தின் நடுவில் நிறுத்தி, அடுத்தது 54இல் தொடங்குகிறது. அதை வைத்துத்தான் "தடைசெய்த அதிகாரம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறார்கள். தீர்க்கதரிசிகளின் பெரும்பாலான அதிகாரங்கள் அந்த வரிசையில் இல்லை.

அந்த அதிகாரத்தில் பாடுபடுகிற தாசன் யார் என்று கேட்டால் ஏசாயாவே முன்னால் சொல்லிவிட்டான் என்பார்கள். 41:8, 49:3 பாருங்கள், "நீ என் தாசன், இஸ்ரவேலே" என்றே இருக்கிறது. பிரான்சில் வாழ்ந்த வேத விளக்க ஆசிரியர் ராஷி அப்படித்தான் விளக்கம் எழுதினார்: ஜாதிகளின் நடுவே பாடுபடுகிற இஸ்ரவேல் ஜனம். 1096 படுகொலைகள் அவர் காலத்திலேயே நடந்தவை, ஆட்டுக்குட்டியைப் போலக் கொண்டுபோகப்பட்டவர்கள் யார் என்று அவருக்குத் தெரியும். இன்னொன்றும் நேர்மையாகச் சொல்லவேண்டும், அந்த அதிகாரத்தை மேசியாவோடு சேர்த்துப் பார்த்த பழைய ரபிகளும் உண்டு, தல்மூதிலேயே அதற்கு இடம் இருக்கிறது. அப்படிப் பார்த்தவர்களும் அதை இயேசு என்று முடிக்கவில்லை.

மேசியானிக் யூதர்கள் இருக்கிறார்கள், உண்மை. ஆனால் யூத மார்க்கத்தின் வைதிகப் பிரிவு, சீர்திருத்தப் பிரிவு, நடுவில் இருப்பவர்கள் என்று எதற்கும் ஒத்துப்போகாத எல்லாரும் இந்த ஒன்றில் ஒரே குரலில் பேசுகிறார்கள்: இயேசுவை மேசியாவாகவும் தேவனாகவும் ஏற்றுக்கொண்டது வேறு மார்க்கம். இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமும் 1989இல், யூதர்களுக்கான திரும்பிவரும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவர்களால் குடியுரிமை கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. கடவுளை நம்பாத யூதரைக்கூட யூதர் என்பார்கள், இதை மட்டும் தாண்ட மாட்டார்கள். பார்சிலோனாவும் பாரிஸும் நடந்த பிறகு அப்படி இருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஹைஃபா ரிட்டர்ன்:

நான் படித்தவன் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன். ஹைஃபாவில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தேன். ருமேனியாவிலிருந்து வந்த குடும்பம். கழுத்தில் நான் சிலுவை போட்டிருந்தேன், ஒருநாளும் கழற்று என்று சொன்னதில்லை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக நேரமும் கொடுப்பார்கள். ஆனால் சின்ன வயதில் ஈஸ்டர் வாரம் வந்தால் வெளியே போகவேண்டாம் என்று அவர் அம்மா கதவைச் சாத்திவிடுவாராம். நமக்குப் புதுத்துணியும் பிரியாணியுமாக இருக்கிற நாள் அவர்களுக்குப் பயத்தின் நாளாக இருந்திருக்கிறது, அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த வருஷ ஈஸ்டரே வேறு மாதிரி இருந்தது.

அவர் மகன் சாமி கும்பிடாத ஆள், வரலாறு நிறையப் படிப்பார். இயேசுவைப் பற்றிக் கேட்டதற்கு, அவர் எங்கள் ஆள்தான், அவர் மேல் எழும்பிய மதம் எங்களுடையது இல்லை என்றார், அவ்வளவுதான். கோபமும் இல்லை, ஆர்வமும் பெரிதாக இல்லை. டிசம்பரில் ஜெர்மன் காலனியில் வைக்கிற கிறிஸ்மஸ் மரத்தைப் பார்க்க யூதக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வரும், படம் எடுத்துக்கொள்ளும். அதே ஊரில் கிறிஸ்தவப் பெயரைக் கேட்டாலே முகம் சுருங்குகிற வைதிகர்களும் உண்டு. எல்லா யூதரும் ஒரே மாதிரி நினைப்பார்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

திருவல்லிக்கேணி தம்பி:

ஒரு முஸ்லிமாக ஓரமாக நின்று சொல்கிறேன். எங்களுக்கு ஈசா நபி (இயேசு) கன்னி மரியமுக்குப் பிறந்தவர், குர்ஆன் அவரை மஸீஹ் என்றே அழைக்கிறது, ஆனால் இறைவன் இல்லை. கடவுள் ஒருவர் என்பதில் நாங்கள் யூதர்கள் பக்கம், ஈசா நபி இறைத்தூதர் என்பதில் உங்களுக்குக் கொஞ்சம் அருகில். மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கிற ஊர் இது. இந்த மாதிரி உரையாடல் பள்ளிக்கூடத்திலேயே நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

பெரம்பூர்வாசி:

எல்லாருக்கும் நன்றி, பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு கேள்வி. பெரிய வியாழன் அன்று "இயேசு கொண்டாடிய பஸ்கா" என்று யூதர்களின் செடர் விருந்தைச் சபையில் நடத்திக்காட்டலாம் என்று வாலிபர்கள் ஆசைப்படுகிறார்கள். கொம்பு ஊதுவது, அவர்களுடைய ஜெபச் சால்வை போர்த்துவது எல்லாம் இப்போது சில சபைகளில் நடக்கிறது. இதை யூதர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

லாயிட்ஸ்ரோடு:

வேண்டாம் சிஸ்டர். இன்றைய செடர், அதன் வாசிப்பும் வரிசையும், கி.பி. 70இல் ஆலயம் இடிந்த பிறகு ரபிகள் உருவாக்கியது. இயேசுவின் காலத்தில் பஸ்கா என்றால் எருசலேமில் பலியிட்ட ஆட்டுக்குட்டியைச் சாப்பிடுவது. அதனால் வரலாற்றுப்படியும் பொருந்தாது. அவர்கள் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து விடுதலையை நினைக்கிற ராத்திரி அது, அதை எடுத்து அப்பத்துக்கும் ரசத்துக்கும் நம் அர்த்தத்தை ஏற்றினால் நிறையப் பேருக்கு மனம் நோகும், பல ரபிகள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். யாத்திராகமம் 12ஐயும் லூக்கா 22ஐயும் சேர்த்து வாசியுங்கள், திருவிருந்து நம்முடையது, அதை நம் முறையில் நடத்துங்கள். அந்தப் பையனுக்கு எசேக்கியேல் 18ஐயும் யோனாவையும் கொடுத்துவிட்டு, கூடவே ரோமர் 11ஐ முழுக்க வாசிக்கச் சொல்லுங்கள். தன் ஜனம் தன்னோடு வரவில்லை என்று பவுல் எவ்வளவு துக்கப்பட்டாலும், தேவன் அவர்களைத் தள்ளிவிடவில்லை என்று அங்கே அடித்துச் சொல்கிறார்.

பெரம்பூர்வாசி:

சரி, செடரை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடுகிறேன், வாலிபர்களிடம் நானே பேசிக்கொள்கிறேன். அடுத்த இரண்டு வகுப்பும் ரோமர் 9 முதல் 11 வரை. சாந்தோம் சகோதரர் சொன்ன அந்தக் கல்லறைத் தோட்டத்தை வெளியிலிருந்தாவது பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா, யாரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.